கசிவுக்கு உரிமை உண்டா?

பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட சில நாட்களில், கரைக்குக் கீழ்ப்புறத் தோட்டங்களின் கிணறுகளில் ஒரு மாற்றம் தெரியும். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த கல்லிடுக்கில் முதலில் ஈரம் பூக்கும். பிறகு சொட்டும், பிறகு ஊற்றாக ஓடும். அந்தத் தோட்டங்களில் பல ஆயக்கட்டில் இல்லை. அவற்றுக்கு மதகும் இல்லை, முறையும் இல்லை. ஆனாலும் அங்கே தென்னையும் மஞ்சளும் நிற்பது அந்த வாய்க்கால் தண்ணீரில்தான்.

ஏட்டில் பெயரில்லாத இந்தப் பயனாளிக்கு அந்தத் தண்ணீரில் உரிமை உண்டா? கொங்கு நாட்டில் சில ஆண்டுகளாக உறவுக்காரர்களையே எதிரெதிர் அணியில் நிறுத்திய கேள்வி இது.

பவானிசாகர், பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த மண் அணை. முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்காலால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. அத்தனை நிலத்துக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் கொடுக்க முடியாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தார்கள். ஒரு பாதி ஆகஸ்டில் நெல் நடும். மறுபாதி ஜனவரியில் எள்ளும் கடலையும் போட்டு நனைப்புக் கணக்கில் தண்ணீர் வாங்கும். அடுத்த ஆண்டு முறை மாறும். நிறையப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவாவது கிடைக்கட்டும் என்ற அந்த ஏற்பாட்டிலேயே ஓர் அறம் இருக்கிறது.

அந்த அறத்தின் பேரால்தான் கடைமடை விவசாயி பேசுகிறார். வாய்க்காலின் வால்பகுதியில் அவர் முறை வரும்போது தண்ணீர் வருவதில்லை. வந்தாலும் வயல் நனைவதில்லை. கரை பலவீனமான இடங்களில் உடைந்தும் போகிறது. 2020-இல் ஏறத்தாழ 710 கோடி ரூபாயில் வாய்க்காலைச் சீரமைத்துக் கான்கிரீட் போட அரசு உத்தரவிட்டபோது, தனக்குக் கொடுத்த வாக்கு இனியாவது நிறைவேறும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

கான்கிரீட் வேண்டாம் என்றவர்களின் வழக்கும் லேசானதல்ல. மண் வாய்க்காலில் கசியும் தண்ணீர் கிணறுகளை ஊறவைக்கிறது, ஓடைகளை ஓடவைக்கிறது, குளங்களை நிரப்புகிறது. வெள்ளோடு பறவைகள் சரணாலயத்து ஏரிக்கும் அந்தத் தண்ணீர் போகிறது. கரை மரங்கள் அந்த ஈரத்தில்தான் வேர் விட்டிருக்கின்றன. எழுபது ஆண்டில் கசிவை நம்பி வீடு கட்டி, ஆடு மாடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எத்தனையோ!

“இது தற்செயலாகக் கிடைத்தது, யாரும் உங்களுக்குத் தருவதாகச் சொல்லவில்லை” என்று அவர்களிடம் சொல்லலாம். ஆனால் ஊர் வழக்கம் வேறு சொல்கிறது. ஒருவருடைய நிலத்துக்குள் மூன்று தலைமுறையாக வண்டித்தடம் போயிருந்தால், பட்டா அவருடையதே ஆனாலும் ஒரே நாளில் அவர் வேலி அடைக்க முடியாது. அடைத்தால் ஊர் அதை நியாயம் என்று ஒப்புவதில்லை. பிறர் தன்னை நம்பி வாழ்வதைப் பார்த்துக்கொண்டு நெடுங்காலம் சும்மா இருந்தவருக்கு அந்த நம்பிக்கையால் ஒரு கடமை ஏற்பட்டுவிடுகிறது. தண்ணீருக்கும் இது பொருந்தும்.

இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டால் வாய்க்காலோடு நின்றுவிட முடியாது. அணைக்கு மேற்புறமும் போக வேண்டும். அங்கே நீர் தேங்கியது வெற்றிடத்தில் அல்ல. டணாய்க்கன்கோட்டை என்ற கோட்டை மூழ்கியது; நீர் வற்றும் ஆண்டுகளில் அதன் பழைய மாதவப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். ஆற்றோரக் காடும் மூழ்கியது. மிஞ்சிய காட்டின் பெரும்பகுதி இன்று சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013-இல் அறிவிக்கப்பட்டது, 1,408 சதுர கிலோமீட்டர். யானையும் வெளிமானும் பாறுக் கழுகும் வாழும் இடம்.

கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றியதும் யானைகள் குட்டிகளோடு அணையின் நீர்க்கரைக்கு இறங்கி வருகின்றன. நீர் பின்வாங்கிய வண்டலில் முதலில் புல் முளைக்கிறது. அதே வண்டலில் மனிதர் வாழையும் வைக்கிறார்கள். புல்லுக்கு வரும் யானை வாழையைப் பார்க்காமல் போகாது. இரவெல்லாம் காவல், பட்டாசு, விரட்டல். விடிந்தால் சாய்ந்த வாழை. அதை யானையின் அட்டகாசம் என்கிறோம். அது மேய்ந்த ஆற்றங்கரையை மூழ்கடித்தது யார் என்பதை மறந்துவிடுகிறோம்.

கசிவுநீர் விவசாயி நம்பி இருந்ததால் உரிமை பெறுகிறார் என்றால், அணை கட்டும் முன்பே அங்கே நீர் குடித்த விலங்குக்கு இன்னும் பழைய உரிமை உண்டு. அது பாசன சபையில் கை தூக்க முடியாது, மறியல் செய்ய முடியாது. அதனாலேயே அதன் பங்கை எடுத்துவைக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது.

ஆக, எது நியாயம்? கடைமடைக்குக் கொடுத்த வாக்கு முதலில் நிற்க வேண்டும். ஆனால் அதை நிறைவேற்றக் கிணறுகளை வற்றவைப்பது ஒரு கடனை அடைக்க இன்னொருவர் வீட்டை விற்பது போன்றது. உடையும் கரையைப் பலப்படுத்தலாம், மதகுகளைச் சீர்செய்யலாம், தூர் வாரலாம், திருட்டுத்தனமாக உறிஞ்சும் குழாய்களை அகற்றலாம். இவற்றைச் செய்து முடிக்காமல் வாய்க்கால் முழுக்க மண்ணைக் கான்கிரீட்டால் மூடுவது சரியல்ல. மிச்சமாகும் தண்ணீரைப் புதிய நிலத்துக்குக் கொடுப்பதும் கூடாது. அது இன்னொரு தலைமுறையைப் பொய் நம்பிக்கையில் வாழவைக்கும். காட்டை ஒட்டிய நீர்க்கரையில் பயிர் வைப்பதை நிறுத்தி, அங்கே பயிர் வைப்பவர்களுக்கு மாற்று வழி செய்து, அந்த வண்டலைப் புல்லுக்கு விட வேண்டும்.

அணை நீரில் சோறு உண்ணும் ஒவ்வொருவரும் இரண்டு பேருக்குக் கடன்பட்டவர்: வாய்க்காலின் கடைசியில் காத்திருப்பவருக்கு, அணையின் பின்னால் தன் ஆற்றங்கரையை இழந்த காட்டுக்கு. தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில் இந்த இரண்டு பெயர்களையும் முதலில் வாசியுங்கள்.