தேவைக்கு மேல் ஒரு பிடி

 

"போதும்" என்னும் சொல் நம்மவரிடையே இரு பொருளில் வழங்குகிறது. இறைவன் அளித்த ரிஸ்கைப் பற்றிப் "போதும்" என்போமாயின், அது சிறந்த குணம். படிப்பையும் உழைப்பையும் பற்றிப் "போதும்" என்போமாயின், அது பெரும்பாலும் சோம்பலே. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்வதால் நமக்கு விளையும் நஷ்டம் கொஞ்சமல்ல.

கேட்ட அளவுக்கு மேல் ஆயத்தம் செய்வது அவசியமா? பர்ளை நிறைவேற்றியவன் கடமையை முடித்தவனே. அப்படியிருந்தும் நாம் சுன்னத்தும் நபிலும் தொழுவானேன்? பர்ளில் நேர்ந்த குறைகளை உபரித் தொழுகைகள் ஈடு செய்யும் என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். இதில் பெரியதோர் உண்மை அடங்கியுள்ளது. முழுமையாகச் செய்து முடித்தோம் என்று நாம் எண்ணும் காரியத்திலும், நம் கண்ணுக்குத் தெரியாத குறை இருக்கவே செய்யும்.

வியாபாரிக்கு இது புதிதன்று. தராசு முள் நடுவில் நின்றால் போதுமென நிறுப்பவன், கை சற்றே பிசகினாலும் பிறர் பொருளைத் தின்றவனாகிறான். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்தே திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. ஆகவேதான் பயபக்தியுள்ளோர் தட்டுச் சாயும்படி நிறுக்கின்றனர். ஜக்காத்திலும் நூற்றுக்கு இரண்டரையோடு சிறிது கூட்டிக் கொடுப்போர் உண்டு.

இந்த நியாயத்தைப் படிப்புக்கும் தொழிலுக்கும் நாம் ஏன் பொருத்துவதில்லை?

2015 ஏப்ரல் 1ஆம் தேதி மலேசியாவில் 6 சதவீதப் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. ஆண்டு விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகள் பதிந்து கொள்ள வேண்டியதாயிற்று. கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்துக் கொள்ள ஒவ்வொரு பில்லும் தேவைப்பட்டது. சரக்கு வாரியாகக் கணக்கு எழுதி வந்த கடைக்கு, ஏட்டில் ஒரு பத்தி கூடியது போலத்தான். கல்லாவில் சேர்ந்த தொகையை மட்டும் குறித்து வந்த கடைக்கோ, அடியிலிருந்து தொடங்க வேண்டிய வேலை. அவ்வரி 2018இல் நீக்கப்பட்டது. கற்றது வீணாயிற்றா? இல்லை. 2024 ஆகஸ்டில் 'இ-இன்வாய்ஸ்' முறை, 10 கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரமுள்ள நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக வரலாயிற்று. பழகிய கைக்கு மீண்டும் பயன் கிடைத்தது.

நாளையைப் பற்றி இவ்வளவு சேகரம் எதற்கு, இது பதுக்கலுக்கு ஒப்பாகாதா என்று சிலர் கேட்கலாம். பதுக்கலை மார்க்கம் தடுக்கிறது, மெய்தான். அரிசியைக் கிட்டங்கியில் பூட்டினால் அயலான் பசித்திருப்பான். அறிவை அதிகம் சேர்த்தவனால் யாருக்கு என்ன குறை? அவனை அண்டி நாலு பேர் பிழைப்பர். தவக்குல் என்பது பலனை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதாகும். வேலையை அவன்மீது சுமத்துவதன்று.

"பையன் பாஸ் செய்தால் போதும், பிறகு கடைக்கு வந்து கல்லாவில் உட்காரட்டும்" என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. பரீட்சையில் கேட்கப்படுவது சில கேள்விகளே. வாழ்க்கையோ பாடப் புத்தகத்தில் இல்லாததையும் கேட்கும். பாஸ் மார்க்கு என்பது பிள்ளை ஏறி நிற்க வேண்டிய படி. உட்கார்ந்து இளைப்பாறும் திண்ணையன்று. பிறருக்கு நிறுக்கையில் தட்டைச் சாய்க்கும் நாம், நம் பிள்ளைகளின் கல்வியை மட்டும் முள் நுனியில் நிறுத்தலாமா?

வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளில் பரக்கத்து அருள்வானாக! ஆமீன்.