"வந்ததைத்தானே அனுப்பினேன்" – இது மறுமையில் பதிலாகுமா?

 



இன்றைய ஜும்ஆவில் என்னுடைய ஒரு தவறைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. 2018 மே மாதம். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது, பிச்சைக்காரர் வேடத்தில் சுற்றுகிறார்கள் என்று ஒரு குரல் பதிவு எனக்கு வந்தது. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், தூக்கக் கலக்கத்தில், அதை நம் மஹல்லா குரூப்பில் போட்டுவிட்டேன். யார் அனுப்பியது, எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

அந்த வார ஜும்ஆவில், பள்ளிவாசல் வாசலில் வழக்கமாக உட்காரும் ஒரு பெரியவரைக் காணவில்லை. அவருக்கு ஊர் எது, மொழி எது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தோளில் ஒரு சாக்குப்பை இருக்கும். கேட்டபோது ஒரு தம்பி சொன்னான்: "பசங்க விரட்டிட்டாங்க ஹஜ்ரத். பையில என்ன இருக்குன்னு கேட்டாங்க, அவர் காட்டல. நீங்கதானே குரூப்ல எச்சரிக்கை போட்டீங்க."

அதே நாட்களில் நமக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை எல்லோரும் அறிவோம். 2018 மே 9 அன்று குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் நின்று பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே திரண்டு அடித்தது. 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில், இதே வதந்தியால் 5 பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த மாதமே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாட்டை அறிவித்தது.

அத்திமூரில் அடித்த கைகள் சில. அந்தக் கைகளுக்குக் கோபத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த விரல்கள் எத்தனை? அவற்றில் ஒன்று என்னுடையதா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே இன்றைய தலைப்பு இதுதான்: நான் பொய்யைக் கற்பிக்கவில்லை, வந்ததைத்தான் அனுப்பினேன். இதற்கு என்னிடம் கேள்வி உண்டா?

முகம் தெரியும், பெயர் தெரியாது

ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் ஒரு கூற்று பதிவாகியிருக்கிறது. ஷைத்தான் ஒரு மனிதனின் உருவத்தில் மக்களிடம் வந்து பொய்ச் செய்தி ஒன்றைச் சொல்வான். கூட்டம் கலைந்த பின் ஒருவர், இதை ஒருவர் சொல்லக் கேட்டேன், அவரது முகம் தெரியும், பெயர்தான் தெரியாது என்று சொல்லிப் பரப்புவார். இதுதான் அதன் கருத்து.

சகோதரர்களே, அன்றைக்கு முகமாவது தெரிந்தது. இன்று நமக்கு வரும் செய்தியின் மேல் "பல முறை அனுப்பப்பட்டது" என்று மட்டும்தான் இருக்கிறது. அதையே நாம் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள், பொய்யாகவா இருக்கும் என்கிறோம்.

அறிவிப்பாளர் வரிசைக்காக நம் முன்னோர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு ஹதீஸை எடுப்பதற்கு முன், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவரை நேரில் சந்தித்தாரா, நினைவாற்றல் எப்படி, பொய் சொன்ன வழக்கம் உண்டா என்று ஆராய்ந்தார்கள். பெயர் தெரியாத ஒருவர் வரிசையில் இருந்தால், செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பலவீனமானது என்றார்கள். அந்த உம்மத்தின் பிள்ளைகள் நாம்.

கேட்டதையெல்லாம் ஒருவர் பேசுவதே அவரைப் பாவியாக்கப் போதுமானது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி நமக்குத் தெரிந்ததுதான். கவனியுங்கள், புனைந்து பேசுபவரை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. கேட்டதைச் சலிக்காமல் பேசுபவரையும் சொன்னார்கள். ஏனென்றால் காதில் விழுவதில் உண்மையும் இருக்கும், பொய்யும் இருக்கும். எல்லாவற்றையும் கடத்துபவர் பொய்யையும் கட்டாயம் கடத்துவார்.

மதீனாவைக் கலக்கிய ஒரு மாதம்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவிய நிகழ்வை அறிவீர்கள். பயணத்தில் தொலைந்த கழுத்து மாலையைத் தேடப் போய், படையை விட்டுப் பின்தங்கிவிட்டார்கள். ஸஃப்வான் பின் முஅத்தல் (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். இதைப் பார்த்த நயவஞ்சகர்களின் தலைவன் கதை கட்டினான். ஏறக்குறைய ஒரு மாதம் மதீனா கலங்கியது.

கதை கட்டியவன் நயவஞ்சகன். ஆனால் அதைப் பேசியவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். மிஸ்தஹ் (ரலி) பத்ரில் கலந்துகொண்டவர். ஹம்னா (ரலி) அவர்களோ, நபியவர்களின் மனைவி ஜைனப் (ரலி) அவர்களின் சகோதரி. தன் சகோதரிக்காகப் பேசுவதாக நினைத்துப் பேசினார். நம் குடும்பம், நம் கட்சி, நம் சமுதாயம் என்ற பாசத்தில்தான் பல பொய்களை நாமும் அனுப்புகிறோம்.

ஜைனப் (ரலி) அவர்களைப் பாருங்கள். ஆயிஷாவுக்கு நிகராக நின்றவர். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. நபியவர்கள் கேட்டபோது, என் காதையும் கண்ணையும் நான் காத்துக்கொள்கிறேன், அவரிடம் நல்லதைத் தவிர எதையும் அறியேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். நமக்குப் பிடிக்காதவரைப் பற்றிக் கெட்ட செய்தி வரும்போது விரல் நிற்கிறதே, அங்கேதான் தக்வா தெரியும்.

இந்த நிகழ்வைப் பற்றி இறங்கிய அந்நூர் அத்தியாயத்தின் 15ஆம் வசனத்தில் ஒரு நுட்பம் உண்டு. அந்தச் செய்தியை நீங்கள் உங்கள் நாவுகளால் வாங்கிக்கொண்டீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் கண்டிக்கிறான். செய்தியைக் காதால்தானே வாங்குவார்கள்? காதில் விழுந்து, அறிவில் தங்கி, பிறகு நாவுக்கு வருவதுதான் முறை. அவர்களோ நாவிலிருந்து நாவுக்கு மாற்றினார்கள். இன்று விரலிலிருந்து விரலுக்கு மாறுகிறது. அதை அற்பமாக நினைத்தீர்கள், அல்லாஹ்விடம் அது பெரியது என்றும் அதே வசனம் உணர்த்துகிறது.

நல்ல எண்ணம் போதுமா?

சிலர் கேட்பார்கள்: ஹஜ்ரத், நிய்யத் நல்லதாக இருந்தால்? மார்க்கச் செய்திதானே, பத்துப் பேர் திருந்தட்டுமே?

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். மதீனாவில் நபியவர்களின் ரவ்ழாவின் பணியாளர் ஷைக் அஹ்மத் கனவு கண்டார் என்று ஒரு கடிதம் வரும். இத்தனை பிரதி எடுத்து அனுப்பினால் செல்வம் சேரும், அனுப்பாதவருக்குத் துன்பம் வரும் என்று அதில் இருக்கும். இது நம் காலத்துச் சரக்கல்ல. 1880களிலேயே டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஷைக் பின் பாஸ் (ரஹ்) உள்ளிட்ட உலமாக்கள் பொய் என்று மறுப்பு எழுதினார்கள். ஆனாலும் கையெழுத்துப் பிரதியாகவும், அச்சு நோட்டீசாகவும், இமெயிலாகவும் வந்து, இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது.

ஒருவர் 20 பேருக்கு, அவர்கள் ஒவ்வொருவரும் 20 பேருக்கு என்று போனால், ஐந்தாவது சுற்றில் 32 லட்சம் பிரதிகள். நபியவர்கள் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் தம் இருப்பிடத்தை நரகத்தில் தேடிக்கொள்ளட்டும் என்ற எச்சரிக்கையை அறிந்த நாம், விசாரிக்காமல் இந்த வரிசையில் போய் நிற்கலாமா? குர்ஆனையே பிரதி எடுத்தாலும், எடுக்காதவனின் பிள்ளை சாகும் என்று அல்லாஹ் சொல்லவில்லையே! யாரோ ஒருவரின் கனவுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

நூஹ் பின் அபீ மர்யம் என்பவரைப் பற்றி ஹதீஸ் கலை நூல்களில் படித்திருக்கிறோம். மக்கள் குர்ஆனை விட்டு வேறு கல்விகளில் மூழ்கிவிட்டார்கள், அவர்களைத் திருப்ப வேண்டும் என்று சூராக்களின் சிறப்புகள் பற்றி ஹதீஸ்களை இட்டுக்கட்டியதாக அவர் குறித்துச் சொல்லப்படுகிறது. எண்ணம் நல்லது என்று எந்த இமாமும் அவரை விட்டுவிடவில்லை. நிய்யத் செயலுக்கு உயிர்தான். ஆனால் பொய்யை அது உண்மையாக்காது.

நமக்கு நடந்தபோது எப்படி இருந்தது?

2020 ஏப்ரலை மறந்திருக்க மாட்டீர்கள். தப்லீக் ஜமாஅத்தினர் வேண்டுமென்றே கொரோனாவைப் பரப்புகிறார்கள் என்று போலி வீடியோக்கள் சுற்றின. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. தீர்ப்பு வந்தது. ஆனால் பொய்யை அனுப்பியவர்களில் எத்தனை பேர் தீர்ப்பையும் அனுப்பினார்கள்?

அந்த வலி தெரிந்த நாம், மற்றவர்களைப் பற்றி வந்ததை என்ன செய்தோம்? 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று தொடர்பில்லாத வீடியோக்கள் பரவின. பீகார் அரசு இங்கே குழு அனுப்பி விசாரிக்க வேண்டியதாயிற்று.

நம் மாவட்டத்தையே பாருங்கள். 2022 ஜூலை 13 அன்று கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்தார். அந்தத் தாயின் கண்ணீர் உண்மை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் ஜூலை 17 அன்று நடந்தது என்ன? வாட்ஸ்அப் குரூப்களின் வழியாக ஆட்கள் திரண்டார்கள். பேருந்துகள் எரிந்தன. பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. வெளியூர் இளைஞர்கள் பலர் மீது வழக்கு வந்தது. நியாயமான துக்கத்தையும் விசாரிக்காத செய்தி இப்படிக் கெடுத்துவிடுகிறது.

செய்தி உண்மையாக இருந்துவிட்டால்?

நியாயமான கேள்வி. ஆபத்து உண்மையாக இருந்து, நான் அனுப்பாமல் விட்டு, யாருக்காவது தீங்கு வந்தால்?

அன்னிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் இதற்கு வழி காட்டுகிறது. அச்சமோ பாதுகாப்போ பற்றிய செய்தி வந்தால் பரப்பிவிடுகிறார்கள். தூதரிடமும் பொறுப்பில் உள்ளவர்களிடமும் கொண்டு சென்றிருந்தால், ஆராயத் தெரிந்தவர்கள் அறிந்திருப்பார்கள் என்பது அதன் கருத்து. ஆக, பரப்புவதற்கும் மௌனமாக இருப்பதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: உரியவரிடம் கொண்டு போவது. பிள்ளை பிடிப்பவர் பற்றிய தகவலா? காவல் நிலையத்தில் கேளுங்கள். நோய் பற்றியதா? டாக்டரிடம் கேளுங்கள். மார்க்கம் பற்றியதா? ஆலிமிடம் கேளுங்கள். அன்று நான் நம் காவல் நிலையத்துக்கு ஒரு போன் செய்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

பணம் கேட்டு வரும் பொய்கள்

25 லட்சம் லாட்டரி விழுந்திருக்கிறது, வரியை மட்டும் கட்டுங்கள் என்று வரும். தமிழகத்தில் லாட்டரி 2003 முதல் தடை. நமக்கோ அது என்றைக்கும் ஹராம். வாங்காத சீட்டுக்குப் பரிசு எப்படி விழும்? இப்போது போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து, உங்களைக் கைது செய்துவிட்டோம், பணம் அனுப்புங்கள் என்று மிரட்டுகிறார்கள். போனில் கைது என்று நம் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஓடிபி எண்ணை மனைவி மக்களின் பெயரில் கேட்டாலும் விசாரிக்காமல் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிவிடும்.

ஒரு வேண்டுகோள். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்துதான் பல பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. பாவம் ஏமாற்றியவனுடையது.

அனுப்பிவிட்டோம், இனி என்ன?

அல்பகராவின் 160ஆம் வசனம் தவ்பா செய்து, சீர்திருத்தி, தெளிவுபடுத்தியவர்களைப் பேசுகிறது. உண்மையை மறைத்தவர்கள் குறித்து இறங்கியதுதான், ஆனாலும் பாடம் நமக்கும் உண்டு. தனியறையில் இஸ்திக்ஃபார் செய்வது மட்டும் போதாது. பொய் எந்தக் குரூப்புக்குப் போனதோ, அதே குரூப்பில், நான் அனுப்பியது தவறு என்று எழுத வேண்டும். சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போவது, படித்தவர் மனதிலிருந்து எதையும் அழிக்காது.

உலகெங்கும் எட்டும் பொய்யைச் சொன்னவனின் கன்னம் இரும்புக் கொக்கியால் பிடரி வரை கிழிக்கப்படுவதை நபியவர்கள் கனவில் கண்டதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஒரு மனிதனின் பொய் அடிவானம் வரை எப்படி எட்டும் என்று ஓதும் காலத்தில் யோசித்திருக்கிறேன். இப்போது என் சட்டைப் பையிலேயே அதற்கான கருவி இருக்கிறது.

அந்தப் பெரியவர் சில மாதங்கள் கழித்து வந்தார். குரூப்பில் நான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன், மிம்பரிலும் சொல்லியிருந்தேன். அவருக்கு அது எப்படித் தெரியும்? அதே வாசலில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலேயே சாக்குப்பையைத் தரையில் கொட்டினார். ஒரு லுங்கி, ஒரு தட்டு, கொஞ்சம் பழைய துணி. எல்லோரும் பார்த்த பிறகுதான் கையை நீட்டினார். நான் அருகில் போய் உட்கார்ந்து, பொருட்களை எடுத்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் கொட்டத்தான் செய்தார்.

அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பாதுகாப்பானாக! நாம் அறிந்தும் அறியாமலும் பரப்பிய பொய்களை மன்னிப்பானாக! அவற்றால் காயப்பட்டவர்களிடம் நேர் செய்துகொள்ள நமக்கு ஆயுளையும் துணிவையும் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.