நடக்காமல் போனது

பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் புது வசதி சேர்த்த பொறியாளருக்குக் கைதட்டல் உண்டு. இருப்பது பழுதாகாமல் காத்தவருக்குப் பெரும்பாலும் இல்லை.

ஆண்டைக் குறிக்க இரண்டே இலக்கம் வைத்திருந்ததால் 2000 பிறந்ததும் தடுமாறக்கூடிய பழைய நிரல்களை, 1990களில் வரி வரியாகத் தேடித் திருத்தினார்கள் பொறியாளர்கள். 2000 ஜனவரி 1, பெரிய குழப்பம் எதுவும் இல்லாமல் விடிந்தது. ‘இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்டார்கள் பலர். அப்படிக் கேட்க முடிந்ததே அந்த உழைப்புக்குக் கிடைத்த சான்றிதழ்.

செய்து முடித்ததைக் கண் அளக்கும். தடுத்து நிறுத்தியதை அறிவுதான் அளக்க வேண்டும். சம்பள உயர்வுக் கூட்டத்தில் முதலாவது தானாகவே பேசும்; இரண்டாவதற்காக யாராவது பேச வேண்டும்.

எதுவும் நடக்காத நாளுக்கும் யாரோ உழைத்திருக்கிறார்கள் என்று அறிந்த நிறுவனத்தில்தான் நல்ல பொறியாளர் நிலைப்பார்.