பெயரும் அறமும்

மறைந்த என் பாட்டியார் நினைவாகக் கல்லூரியொன்றில் உபகாரச் சம்பளம் நிறுவக் கருதிய யான், ஒன்றில் ஐயுற்றேன். அவர் பெயரோடு நிறுவியோன் பெயரும் பொறிக்கப்படுதல் தகுமோ? எழுத்தறியாத அவர், மோர் விற்றுச் சேர்த்த காசால் என்னைப் படிப்பித்தவர்.

திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரையே தம் தண்ணீர்ப்பந்தருக்கும் மக்களுக்கும் இட்டார். நும் பெயரை எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னையென வினவியவர் அவ்வரசரே என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். தாம் செய்யும் அறம் அவரருளின் பயனென்று துணிந்த அடிகளுக்குத் தம் பெயரை எழுதும் எண்ணமே எழவில்லை.

யான் ஈயும் பொருளும் அம்மோர்க்காசின் விளைவன்றோ? இனிப் பாட்டியார்க்குப் புகழால் ஆவதொன்றில்லை. அவர் பெயர் வேண்டப்படுவது எனக்கே; 'யான் கொடுத்தேன்' என்னுஞ் செருக்கை அது தடுக்கும். ஆதலின் என் பெயரை நீக்கினேன். எழுத்தறியாதார் மக்கள் முதற்கண் பெறுக எனவும் விதித்தேன்.

இதனால் என் கடன் தீர்ந்ததென்று சொல்லேன். முகமறியா மாணாக்கன் ஒருவன் அப்பெயரை நன்றியுடன் சொல்லுங்கால், அவருக்குக் கடன்பட்டார் தொகையில் ஒருவர் மிகுவர். நினைவுக்கொடையின் பயன் அதுவேயென அன்பர்கள் உணர்வார்களாக.