முத்திரை எதற்குச் சாட்சி?

2017 மே 3 அன்று ஜிமெயில் வைத்திருந்த பலருக்கும், தெரிந்தவர் பெயரிலேயே ஓர் அஞ்சல் வந்தது. ஏதோ ஓர் ஆவணத்தைப் பகிர்ந்திருப்பதாகச் சொன்னது. அழுத்தினால், ‘கூகுள் டாக்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு செயலி அஞ்சல்களைப் படிக்க அனுமதி கேட்டது. அனுமதி கேட்ட பக்கம் கூகுளுடையதே, செயலிதான் போலி. சுமார் ஒரு மணி நேரத்தில் அதை முடக்கிய கூகுள், பாதிப்பு பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்றது. முன்பின் அறியாதவர் சொல்லை எதை வைத்து நம்புவது என்ற பழைய கேள்வி அன்று திரும்பவும் எழுந்தது.

கூகுளின் விடை, சரிபார்ப்பு. செயலி எழுதியவர் இணைய முகவரி தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். தனியுரிமைக் கொள்கையை வெளியிட வேண்டும். ஒவ்வோர் அனுமதியும் எதற்கு என்று செயலியை இயக்கிக் காட்டும் வீடியோவை யூடியூபில் ஏற்றி இணைப்பு அனுப்ப வேண்டும். ஜிமெயில் அஞ்சல்களைத் தன் சர்வருக்குக் கொண்டுசெல்லும் செயலி என்றால், வெளி நிறுவனம் ஒன்றின் பாதுகாப்புத் தணிக்கையும் உண்டு. 2018 அக்டோபரில் இதை அறிவித்தபோது, செலவு 15,000 முதல் 75,000 டாலர் வரை, அதற்கு மேலும் ஆகலாம் என்று கூகுளே சொன்னது. கட்டவேண்டியவர் செயலி எழுதியவர். தணிக்கையை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பின்னாளில் பல செயலிகளுக்கு இந்தச் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் தனியாளாக எழுதுபவருக்கு அந்த அறிவிப்பு பேரிடி.

பிறர் சொல்லை எதை வைத்து நம்புவது என்ற கேள்வியை இந்தியத் தத்துவ மரபு நெடுங்காலம் விவாதித்திருக்கிறது. நியாய மரபினர், நம்பத்தகுந்தவர் சொல்லையும் அறிவைத் தரும் ஓர் அளவையாகவே ஏற்றார்கள். யார் நம்பத்தகுந்தவர்? பொருளை நேரில் அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புபவர். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றார். குலமோ பெயரோ பெருமையோ அதில் சேராது. இதைவிட நேர்மையான அளவுகோலைக் காண்பது அரிது.

பௌத்தர்கள் உடன்படவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காட்சி, கருத்து என்று இரண்டு அளவைகளை மட்டும் சொல்லி, மற்றவற்றைக் கருத்துக்குள் அடக்கிவிடுகிறார். பிறர் சொல்லை நம்புவதும் அனுமானம்தான் என்பது அவர்கள் வாதம்.

கூகுளின் சரிபார்ப்பு என்ற முத்திரையைப் பொறுத்தவரை பௌத்தர் பக்கமே நியாயம் இருக்கிறது. தணிக்கையாளர் ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்த நிரலையே பார்க்கிறார். அடுத்த வாரம் சேரும் நிரலை அவர் பார்த்திருக்கவே முடியாது. ஆகவே முத்திரை தருவது ஓர் ஊகம். நல்ல ஊகம், எல்லை உள்ள ஊகம்.

முத்திரை இல்லாதவருக்கு நடப்பதுதான் கவலை தருவது. 100 பேருக்கு மேல் அவர் செயலியை அனுமதிக்க முடியாது. வருபவருக்கும் முதலில் எச்சரிக்கைத் திரைதான். ‘கூகுள் இந்தச் செயலியைச் சரிபார்க்கவில்லை’ என்கிறது தலைப்பு, அது உண்மை. தொடர விரும்புபவர் கீழே சிறிய எழுத்தில் உள்ள ‘மேம்பட்டவை’யைத் தேடி அழுத்த வேண்டும். அதன் பிறகு தென்படும் இணைப்பில் செயலியின் பெயர், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘பாதுகாப்பற்றது’.

யார் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது? மீமாம்சகரான குமாரில பட்டர், காணாமையையும் ஓர் அளவையாகக் கொண்டவர். மேசையில் குடம் இல்லை என்பது, அங்கே குடம் காணப்படாததால் தெரிகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நிரலைத் திறந்தே பாராமல், அதில் பாதுகாப்பு இல்லை என்று எழுதுவதும் அப்படித்தான். எச்சரிக்கை தேவை, 2017 அதைக் காட்டிவிட்டது. ஆனால் ‘இன்னும் சோதிக்கவில்லை’ என்பதோடு அது நிற்க வேண்டும். அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு சொல்லும், குற்றம் எதுவும் நிரூபணமாகாத ஒரு மனிதர் மேல் சுமத்தும் பழி.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், செயலி கேட்கும் அனுமதிகளை வரிவரியாகப் படியுங்கள். முன்பே கொடுத்த அனுமதிகள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பட்டியலாக இருக்கும். வேண்டாததை அங்கேயே நீக்கிவிடலாம்.