மழை இல்லாத நாட்கள்

ஐப்பசி மாதத்து அடைமழையில் திருச்சியிலிருந்து கரூர்ச் சாலை வழியாக முக்கொம்புக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். சாலையோரத்தில் ஒரு பழைய அம்பாஸடர் கார் நின்றுகொண்டிருக்கும். டிரைவர் நனைந்துகொண்டே புகையிலையைக் கசக்கி முன்கண்ணாடியில் தேய்ப்பார். துளித்துளியாக நிற்கும் நீர் அதனால் பரவி ஓடிக் கொஞ்ச தூரத்துக்குப் பாதை தெரியும். பிறகு மறுபடியும் இறங்கித் தேய்க்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் முதலாளி, "இன்றைக்குப் பார்த்துத்தானா இந்த வைப்பர் நிற்க வேண்டும்!" என்று அலுத்துக்கொள்வார்.

இன்றைக்குப் பார்த்துத்தான் அது நின்றதா? நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

வைப்பர் மிகவும் அடக்கமான கருவி. 1903-ஆம் ஆண்டில் மேரி ஆண்டர்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி அதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டிக்குள் இருந்தபடியே ஒரு பிடியைக் கையால் அசைத்து வெளிக் கண்ணாடியைத் துடைக்கும் ஏற்பாடு அது. இன்று கையின் வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்கிறது. அது நின்றுவிட்டால் நம்மில் பலர் உடனே, "மோட்டார் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கைதேர்ந்த பட்டறைக்காரர் அவசரப்படுவதில்லை. முதலில் பியூஸைப் பார்ப்பார். பிறகு சுவிட்ச். அதன் பிறகு, வண்டியின் உடலோடு எர்த் கம்பி சேரும் இடத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று சுரண்டிப் பார்ப்பார். மோட்டார் முனகுகிறது, கைகள் அசையவில்லை என்றால் இணைப்புத் தண்டு இறுகியிருக்கலாம், அல்லது பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். ஒரு கை ஆடி மற்றொன்று சும்மா கிடந்தால், அநேகமாக அடியிலுள்ள நட்டு தளர்ந்திருக்கும். மந்தமாக அசைந்தால் கிரீஸ் காய்ந்திருக்கும். கோடு கோடாகத் துடைத்தால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். கண்ணாடியில் நீர் தெளிக்கும் வாஷரும் இப்படித்தான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, ரப்பர்க் குழாய் கழன்றிருக்கிறதா, நுனித்துளையில் கிணற்றுத் தண்ணீரின் உப்புப் படிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பல சமயம் ஒரு குண்டூசியோடு வேலை முடிந்துவிடும்.

இந்தக் குறைகளில் எது மழையில் பிறந்தது? ரப்பரைச் சுட்டது சித்திரை வெயில். கிரீஸைக் காய்ச்சியது மாதக்கணக்கான ஓய்வு. உப்பு படிந்தது யாரும் கவனிக்காத நாட்களில். மழை எதையும் கெடுக்கவில்லை. கெட்டுப்போயிருந்ததை எடுத்துக் காட்டியது, அவ்வளவுதான்.

அதே சாலையின் முடிவில் இருக்கும் முக்கொம்பும் இதைத்தான் சொல்லுகிறது. அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தண்ணீர் அந்தப் பக்கமே இழுபட்டுத் தஞ்சைக் கழனிகளுக்குக் குறைந்துபோகவே, 1836-ல் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். அங்குள்ள மதகுகளுக்குப் பெருவெள்ளம் வந்தால்தான் பெரிய வேலை. வறண்ட ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்கள் அவற்றை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். 2018-ஆம் ஆண்டு மேட்டூர் அணை, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நிரம்பியது. வெள்ளம் இறங்கி வந்தது. ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு கொள்ளிடத்து மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. அணைக்கு வயதாகிவிட்டது என்றார்கள் சிலர். ஆற்றில் மணல் அள்ளியதால் என்றார்கள் வேறு சிலர். தீர்ப்புச் சொல்ல நான் பொறியாளன் அல்ல. ஆனால் காரணம் எதுவானாலும், அது அந்த ஓர் இரவில் பிறந்த காரணம் அல்ல. பிறகு அங்கே புதிய கதவணை கட்டினார்கள்.

வெள்ளம் வருவதற்கு முன்பே அணை போட வேண்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. போட்ட அணையை வெள்ளம் வராத ஆண்டுகளிலும் போய்ப் பார்க்க வேண்டும் என்று பழமொழி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது. கட்டுவதில் பெருமை இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. காப்பதில் என்ன இருக்கிறது?

"எல்லாவற்றையும் தினமும் சோதித்துக்கொண்டிருந்தால் வாழ்வது எப்போது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டில் ஓடாத கடிகாரம் இருக்கிறது, சாத்த முடியாத ஜன்னல் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றால் நஷ்டம் எனக்கு மட்டுமே. என் சோம்பலுக்கு நானே விலை கொடுக்கிறேன். ஆனால் மங்கிய கண்ணாடியோடு நான் காரை ஓட்டும்போது விலை கொடுப்பவன் வேறொருவன். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாலையோரமாக வீடு திரும்புகிறானே ஒரு விவசாயி, அவன். உள்ளே இருப்பவனுக்கு மழை ஒரு தொல்லை. அவனுக்கோ உயிர்ப் பிரச்சினை. என் வைப்பர் வேலை செய்கிறதா என்று அவன் வந்து பார்க்க முடியாது. பார்க்க முடியாதவனுக்காகப் பார்த்து வைப்பதைத்தான் கடமை என்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் நன்றாக இயங்கும் வைப்பர் வேண்டும் என்கின்றன. ஆனால் சட்டத்தின் கண் வண்டியைச் சோதிக்கும் நாளில்தான் திறக்கிறது. மற்ற நாட்களுக்கு நம் மனச்சாட்சிதான் இன்ஸ்பெக்டர்.

இதற்குப் பணமும் அதிகம் வேண்டாம். பங்குனியில் ஒரு நாள் காலையில், கண்ணாடியில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி வைப்பரைப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த புழுதியின் மேல் போடாதீர்கள், கண்ணாடி கீறிவிடும். தெருவில் போகிறவர்கள், "வானத்தில் மேகமே இல்லை, இவருக்கு என்ன வந்தது?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த இரண்டு நிமிஷ வேலையால் ஐப்பசியில் ஒருவன் பத்திரமாக வீடு போய்ச் சேரக்கூடும். அவன் உங்களுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது.