மழைக்கும் வெயிலுக்கும் ஒரு கூரை

மனிதன் செலவிடும் எல்லாவற்றுக்கும் நற்கூலி உண்டு, மண்ணில் போடுவதற்கு மட்டும் இல்லை என்னும் கருத்துப்பட ஹழ்ரத் கப்பாப் (ரலி) அவர்கள் கூறியதாகப் புகாரி ஷரீபில் ஓர் அறிவிப்பு வருகிறது. வீடு கட்டுகிறவரைக் கண்டால் இதனை எடுத்துக்காட்டி அச்சுறுத்துவது நம்மவர் சிலரின் வழக்கம். ஆனால் அறிவிப்பை முழுவதும் ஓதுவோர் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கும். இதனைக் கூறிய வேளையில் அந்த நபித்தோழர் தம்முடைய சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்!

ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்களின் செய்தியும் இத்தகையதே. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், மழைக்கு மறைவாகவும் வெயிலுக்கு நிழலாகவும் ஒரு வீட்டைத் தம் கையாலேயே கட்டியதாகவும், படைப்பினங்களில் எவரும் அதற்கு உதவவில்லை என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாயகத்தின் மறைவுக்குப் பின் செங்கல்மேல் செங்கல் வைத்ததில்லை என்று அவர்களே ஆணையிட்டுக் கூறியதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அதனை ஸுஃப்யான் (ரஹ்) அவர்கள் இப்னு உமரின் குடும்பத்தார் ஒருவரிடம் எடுத்துச் சொல்ல, அவரோ, இல்லை, கட்டத்தான் செய்தார்கள் என்று மறுத்தாராம். கட்டுவதற்கு முன்பு சொல்லியிருப்பார்கள் போலும் என்று ஸுஃப்யான் அமைதி கூறினார். மதரஸாவில் இப்பகுதியை ஓதிக்கொடுக்கும்போது மாணவர் முகத்தில் புன்னகை அரும்புவதை நாம் கண்டதுண்டு. கட்டடத்தைக் கண்டித்தவர்களே கட்டியும் இருக்கிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இரண்டையும் மறைக்காமல் வைத்துவிட்டார்கள். கப்பாபின் சொல்லுக்கு விரிவுரை வகுத்த இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், அது தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தையே குறிக்கும் என்று முடிவு கட்டினார்கள்.

தேவை எவ்வளவு என்பதன்றோ இனி வினா? (நம் தர்கா ஷரீபின் பெரிய மனோராவை இங்கே இழுக்க வேண்டாம். தஞ்சை மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய அது ஒருவர் குடியிருக்க எழுந்ததன்று.)

மதீனத்துப் பள்ளிக்குப் பேரீச்ச மரத்தண்டு தூணாயிற்று. அதன் ஓலை கூரையாயிற்று. நாயகத்தின் துணைவியர் வாழ்ந்த அறைகளுள் சிறுவயதில் நுழைந்த ஹஸன் பஸரி (ரஹ்) அவர்களுக்குக் கூரை கைக்கு எட்டியது. அந்த எளிமையை எண்ணி உள்ளம் உருகுகிறோம். எனினும் நாகூர், கடலும் வெட்டாறும் சூழ்ந்த தாழ்ந்த மண். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே புகுந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாடியேறி உயிர் தப்பியோரும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல் கீற்றையும் ஓட்டையும் ஒன்றாய் வாரிச் சென்றது. இம்மண்ணில் உறுதியான தளம் ஆடம்பரம் என்று நாம் எழுத மாட்டோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஷரீஅத் காக்கவந்த ஐந்தனுள் உயிரையும் வைத்து, மனிதனின் நலன்களை இன்றியமையாதவை, இடர் நீக்குபவை, அழகூட்டுபவை என மூன்று படிகளாக வகுத்தார்கள். அஸ்திவாரமும் தூணும் தளமும் முதற்படி. பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் தனியறை இரண்டாம் படி. முகப்பும் வளைவும் பளிங்கும் மூன்றாம் படி.

இன்று நடப்பதோ தலைகீழ். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டினுள் கசிந்து கம்பியைத் துருவேற்றும். துரு இரும்பைவிடப் பருமனில் பெருத்துத் தளத்தைப் பிளக்கும். அதனாலேயே கடலோரக் கட்டடத்தில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவை மூடியிருக்க வேண்டுமென இந்தியத் தர விதி சொல்கிறது. அதில் மிச்சம் பிடிக்கிறார்கள். தண்ணீர் கட்டி நனைத்துவைக்கும் நாளில் மிச்சம் பிடிக்கிறார்கள். மிஞ்சியதை முகப்பில் கொட்டுகிறார்கள்.

நம் முன்னோர் பர்மாத் தேக்கில் உத்தரம் போட்டார்கள். உத்தரத்தின்மேல் கட்டை அடுக்கி, மெல்லிய செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டிய தளங்கள் அவை. ஓர் உத்தரத்தை ஏற்றப் பலர் தோள் கொடுத்தாக வேண்டும். ஆயினும் வீட்டைப் பிரித்தால் உத்தரம் உத்தரமாகவே இறங்கும்; இன்னொரு வீட்டுக்கு ஏறும். கான்கிரீட் அப்படியன்று. தண்ணீர் பட்ட அரைமணிக்குப் பின் இறுகத் தொடங்கிவிடும். 28 நாளில் முழு வலிமையை நெருங்கிவிடும். ஊற்றியவன் மனம் மாறினால் உடைக்கலாமேயன்றிப் பிரிக்க இயலாது. ஆகவே அதற்கு நிய்யத் முந்த வேண்டும்.

நிய்யத்தைப் பற்றிப் பேசினால் சபராளியைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. அன்று பினாங்கும் சிங்கப்பூரும், இன்று துபையும் ரியாதும். இப்னு உமர் தம் கையால் கட்டினார். இவரோ தாம் காணாத சுவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். நம் கடற்கரையூர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. மூத்தவளுக்கு ஊர் மெச்ச இரண்டு மாடி எழும், கடன் ஏறும், இளையவளுக்கு மனைக்கட்டு மட்டும் மிஞ்சும், அவளுக்காக அவர் இன்னும் பத்தாண்டு அங்கேயே கிடப்பார். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர் தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டுச் சாட்சி கோரியபோது, எல்லாப் பிள்ளைகட்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இசையவில்லை.

இரு மகளிர்க்கும் ஒரே அளவில் ஒற்றைத் தளம் போதும் என்பது நம் கருத்து. தூணை மட்டும் மேலே ஒரு மாடியைத் தாங்கும் வலிவோடு நிறுத்திவிட்டால், பின்னாளில் தேவையுள்ளவள் கட்டிக்கொள்வாள். மொட்டைமாடிப் படியைத் தெருப்பக்கமாக வைக்கக் கொத்தனாரிடம் சொல்லுங்கள். கடல் ஏறிவரும் நாளில் அண்டைவீட்டாரும் ஏற வேண்டியிருக்கும்.